குருட்டுப் பாம்பு என்னதான் சாப்பிடும்? மண்புழு போட்டா ஏன் தொட மாட்டேங்குது?

நீங்க கேட்டது இதுதான்: புதுச்சேரி லாஸ்பேட்டைல உங்க மாடித்தோட்டத்துல செம்பருத்தித் தொட்டிக்கு மண் மாத்தும்போது கறுப்பா, பளபளன்னு, மண்புழு சைஸ்ல ஒண்ணு நெளிஞ்சு வந்துச்சு, நாக்க நீட்டுனதப் பாத்துத்தான் பாம்புன்னே தெரிஞ்சுது, பையன் அத எடுத்து ஊறுகா பாட்டில்ல போட்டு மூடில ஓட்டை போட்டு வச்சிருக்கான், மண்புழு போட்டீங்க, அவிச்ச முட்டையோட மஞ்சக்கரு வச்சீங்க, உங்க மாமியார் பால் ஊத்தச் சொல்றாங்க, ரெண்டு மூணு நாளா அது எதையும் தொடல, பட்டினில செத்துடுமோன்னு பையன் கவலப்படுறான். இது என்ன சாப்பிடும், திரும்ப தொட்டியிலயே விடலாமா, விட்டா வீட்ல இருக்கற கரையான் தொல்லை குறையுமா.

முதல்ல பதில சொல்லிடறேன், ஏன்னா பாட்டில்ல இருக்கற பாம்புக்கு நேரம் இல்ல. எறும்போட முட்டை, எறும்புப் புழு, எறும்புக் கூட்டுப்புழு, கரையான், இதுதான் அதோட சாப்பாடு, கிட்டத்தட்ட இது மட்டும்தான். மண்புழுவ அது தீனியாவே நெனைக்காது. முட்டை, பால், சோறு, பூச்சி மாவு எதுவும் வேணாம். இத நீங்க பாட்டில்ல வச்சு வளர்க்க முடியாது, இன்னைக்கே சாயங்காலம் ஈர மண்ணுல விட்டுடுங்க. எப்படி விடணும்னு கீழ சொல்றேன், அதுக்கு முன்னாடி இது எப்படிச் சாப்பிடுதுன்னு பையனுக்குச் சொல்லிக் குடுங்க, பாட்டில்ல வச்சுப் பாக்கறத விட அது பல மடங்கு சுவாரசியம்.

நீங்க போட்ட ஃபோட்டோவ பெருசு பண்ணிப் பாத்தேன். குருட்டுப் பாம்புதான், சில பேர் புழுப் பாம்புன்னும் சொல்லுவாங்க, அறிவியல் பேர் இண்டோடிஃப்லாப்ஸ் பிராமினஸ். தலைக்கும் வாலுக்கும் வித்தியாசமே தெரியாத மாதிரி ஒரே கனம், கழுத்துன்னு ஒண்ணு இல்ல, உடம்பு பூரா ஒரே மாதிரி சின்னச் சின்னச் செதில், வயித்துப் பக்கம் கூட மத்த பாம்புக்கு இருக்கற அகலச் செதில் கிடையாது, கண்ணு இருக்கற எடத்துல செதிலுக்கு அடியில ரெண்டு கறுப்புப் புள்ளி, வால் நுனில ஒரு குட்டி முள்ளு. அந்த முள்ளு கொட்டாது, விஷமும் இல்ல, மண்ணுக்குள்ள முன்னாடி தள்றதுக்கு ஊனிக்கறதுக்காக அது. கையில எடுத்தா வால் நுனிய விரல்ல குத்தும், அத வச்சுத்தான் நெறய பேர் கொட்டுதுன்னு சொல்றாங்க. பொதுவா 10ல இருந்து 15 சென்டிமீட்டர் நீளம், 3, 4 மில்லிமீட்டர் கனம், அவ்வளவுதான் வளரும், நீங்க பாத்தது குட்டி இல்லங்க, வளர்ந்த பாம்பு.

இதுல ஒரு ஊர்ப் பெருமையும் இருக்கு. ஸ்காட்லாந்துக்காரர் டாக்டர் பேட்ரிக் ரஸ்ஸல் 1796ல நம்ம சோழமண்டலக் கரைப் பாம்புகளப் பத்தி எழுதினப்ப, விசாகப்பட்டினத்துல கிடச்ச இந்தப் பாம்பையும் படம் போட்டு விவரிச்சாரு, அத வச்சு பிரெஞ்சுக்காரர் தோதேன் 1803ல இதுக்கு அறிவியல் பேரு குடுத்தாரு. இன்னைக்கு உலகத்துல தரைப்பாம்புகள்லயே ரொம்ப அதிக தூரம் பரவினது இதுதான். அமெரிக்காவுல ஃப்ளோரிடா, ஹவாய், மெக்சிகோ, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கான்னு எல்லா எடத்துக்கும் பூச்செடித் தொட்டி மண்ணோட போயிருக்கு. உங்க மாடிக்கும் அப்படித்தான் வந்திருக்கும், நர்சரில வாங்குன செம்மண்ணுலயோ, உர மூட்டைலயோ, செடியோட வேர்மண்ணுலயோ. மாடிப்படி ஏறி வரல.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

எறும்புப் புத்த கிளறினா வெள்ளையா குவியலா தெரியும்ல, எறும்புங்க வாயில கவ்விக்கிட்டு அங்கயும் இங்கயும் ஓடும், நாம எல்லாரும் அத எறும்பு முட்டைன்னு சொல்லுவோம். உண்மையில அதுல முக்காவாசி முட்டை இல்ல. நெஜ முட்டை ரொம்பப் பொடிசு, கண்ணுக்குச் சரியாத் தெரியாது, கொத்துக் கொத்தா ஒட்டியிருக்கும். கொஞ்சம் பெருசா, கால் இல்லாம, லேசா வளைஞ்சு இருக்கறது புழு. எறும்பு உருவம் லேசா தெரிய ஆரம்பிச்சு அசையாம கிடக்கறது, இல்லன்னா ஒரு உறைக்குள்ள இருக்கறது, கூட்டுப்புழு. இந்த மூணையும் குருட்டுப் பாம்பு சாப்பிடும், ஆனா குறி முக்கியமா புழுவும் கூட்டுப்புழுவும்தான். ஏன்னு யோசிச்சுப் பாருங்க, வளர்ந்த எறும்புக்கு மேல ஓடு கெட்டி, உள்ள சத்து கம்மி, கடிக்கும், சில வகை கொட்டும், அமிலம் பீச்சும். புழு மெத்துனு கொழுப்பும் புரதமுமா இருக்கு, ஓடவும் ஓடாது, திருப்பிக் கடிக்கவும் கடிக்காது. ஒண்ணு ரெண்டு கிராமுக்கு மேல எடை வராத ஒரு பாம்பு, வாய் திறந்தா ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல போகாத பாம்பு, தனக்கு ஏத்த சாப்பாடு ஒரே எடத்துல நூத்துக்கணக்குல குமிஞ்சு கெடக்கற எடத்தத் தேடிப் போகுது. மத்த பாம்பு மாதிரி ஒரு எலிய புடிச்சு முழுங்கிட்டு வாரக்கணக்குல படுத்துக்கறது இல்ல இது, சின்னச் சின்னதா ஆனா ஒரே மூச்சுல எக்கச்சக்கமா சாப்பிடும். ஆஸ்திரேலியாவுல இதோட சொந்தக்காரப் பாம்புகள் வயித்த ஆராய்ச்சி பண்ணப்ப, பெரும்பாலும் எறும்புப் புழுவும் கூட்டுப்புழுவும்தான் இருந்துச்சு, அதுவும் ஒரே வயித்துல நூத்துக்கணக்குல.

கண்ணு தெரியாம எப்படிப் புத்து வரைக்கும் போகுதுன்னு பையன் கண்டிப்பா கேப்பான். வெளிச்சமா இருட்டான்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும், வேலை எல்லாம் நாக்குதான் பண்ணுது. எறும்பு வரிசையா போகும்போது தரையில ஒரு வாசனைய விட்டுக்கிட்டே போகும், பின்னாடி வர்ற எறும்புக்கு அதுதான் ரோடு. அந்த ரோட்ட இதுவும் படிக்குது. நாக்க நீட்டி நீட்டி தரையத் தொட்டு, அந்த வாசனைய வாயோட மேல்தாடைல இருக்கற உறுப்புக்குக் கொண்டு போயி, வழி புடிச்சே புத்துக்குள்ள போயிடும். இத ஆஸ்திரேலியாவுல வெப், ஷைன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1992ல சோதனை பண்ணிக் காட்டியிருக்காங்க, அந்த ஊர் குருட்டுப் பாம்புகள வச்சு, எறும்பு நடந்த தடத்துல விட்டா அது அந்தத் தடத்த புடிச்சுக்கிட்டே போகுது. எந்த எறும்புத் தடமா இருந்தாலும் போறதில்ல, தன்னால சமாளிக்க முடியற எறும்பா இருக்கணும். நம்ம வீட்டு பாத்ரூம்ல, சிங்க் ஓரத்துல, வாசப்படிக்குக் கீழ இந்தப் பாம்பு திடீர்னு வர்றதுக்கு முக்கால்வாசி காரணம் இதுதான், டைல்ஸ் சந்துல எறும்பு வரிசை போயிட்டிருக்கும், இல்லன்னா கதவு நெலவுக்கட்டைல கரையான் ஏறியிருக்கும். பாம்பு உங்கள தேடி வரல, அது தன் ரோட்டுல வந்துச்சு, நடுவுல உங்க பாத்ரூம் இருந்துச்சு.

இப்ப வாய்க்கு வருவோம், எனக்கு இதுலயே ரொம்பப் புடிச்ச விஷயம் இதுதான். வாய் முன்னாடி இருக்காது, மூக்குக்குக் கீழ, கொஞ்சம் உள்வாங்கி இருக்கும், மண்ணத் தோண்டும்போது வாய்க்குள்ள மண்ணு போகாம இருக்கறதுக்காக. கீழ்த்தாடைல பல்லே கிடையாது. மேல்தாடைல ரெண்டு பக்கமும் ஒரு சின்ன எலும்பு, அதுல கொஞ்சம் பல்லு, அந்த எலும்பு மத்த பாம்புக்கு இருக்கற மாதிரி நீளவாக்குல இல்லாம குறுக்குவாக்குல தொங்குது. சாப்பிடும்போது அந்த ரெண்டு எலும்பும் மாத்தி மாத்தி முன்னாடி நீண்டு, புழுவ மாட்டி, உள்ள இழுத்துப் போடும், ரெண்டு கையாலயும் மாத்தி மாத்தி கெணத்துக் கயிற இழுக்கற மாதிரி. இது ஒரு விநாடிக்குப் பல தடவ நடக்கும், வெறும் கண்ணால பாத்தா தலை லேசா அதிர்ற மாதிரி மட்டும்தான் தெரியும், வேகமா படம் புடிக்கற கேமரா வந்தப்புறம்தான் உள்ள என்ன நடக்குதுன்னு புரிஞ்சுது. வேகம் ஏன் வேணும்னா, அது உக்காந்து சாப்பிடற எடம் எதிரியோட வீடு. புழுவ தூக்கிட்டு ஓட எறும்புங்க ஒரு பக்கம், கடிக்க வர்ற எறும்புங்க ஒரு பக்கம். நிதானமா வாய விரிச்சு முழுங்கிட்டு இருந்தா கத முடிஞ்சுது.

கரையானுக்கு வேற உத்தி வச்சிருக்கு. கரையானோட உடம்பு வெள்ளையா பஞ்சு மாதிரி மெத்துனு இருக்கும், தலை மட்டும் கெட்டி. 2015ல ஜப்பான்காரங்க இதே இனத்துப் பாம்புக்குக் கரையான் குடுத்துப் பாத்துருக்காங்க. அது கரையான பின்பக்கத்துல இருந்து முழுங்கிக்கிட்டு வருது, தலை மட்டும் வாய்க்கு வெளிய நிக்கும்போது அத தரையில வச்சுத் தேய்க்குது, தலை பிஞ்சு விழுந்துடுது, உடம்ப மட்டும் உள்ள தள்ளிடுது. எல்லாக் கரையானுக்கும் இப்படிப் பண்ணல, சிலத தலையோட முழுங்குச்சு, ஆனா தலையோட போனது எச்சத்துல அப்படியே செரிக்காம தலையா வெளிய வந்துச்சு. பாம்புன்னாலே இரைய முழுசா முழுங்கும், பிச்சுச் சாப்பிடாதுன்னுதான் எல்லாப் புத்தகத்துலயும் படிச்சிருப்போம், நண்டு திங்கற ஒண்ணு ரெண்டு பாம்பு மட்டும்தான் விதிவிலக்கா இருந்துச்சு, அந்தப் பட்டியல்ல இப்ப நம்ம பூந்தொட்டிப் பாம்பும் சேந்துடுச்சு. கரையான் தலை கழட்டற அளவுக்கு அதுக்குத் தெரியுதுன்னு நெனச்சா எனக்கு இன்னமும் ஆச்சரியமாத்தான் இருக்கு.

எறும்பு சும்மா விடுமான்னு கேக்கலாம். விடாது, கடிக்கும். ஆனா கடிக்க எடம் வேணும்ல. செதில் ஒவ்வொண்ணும் ஒண்ணு மேல ஒண்ணு நெருக்கமா, வழுவழுன்னு, ஓரம் தூக்காம படிஞ்சிருக்கும், எறும்போட தாடைக்குப் புடி கிடைக்காது, கண்ணு மேலயும் செதில். கையில வச்சுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும், எண்ண தடவுன மாதிரி வழுக்கிக்கிட்டே விரல் சந்துல பூந்துடும். டெக்சாஸ்ல இருக்கற இன்னொரு வகை குருட்டுப் பாம்பு இதுக்கும் மேல, எச்சத்துவாரத்துல இருந்து ஒரு திரவத்த விட்டு, உடம்ப சுருட்டிச் சுருட்டி அத மேல பூசிக்கும், எறும்பு கிட்ட வராது. அந்தப் பாம்பப் பத்தியே இன்னொண்ணு சொல்லணும், பையன் கேட்டா விடமாட்டான்: அங்க ஒரு வகை ஆந்தை, குஞ்சுக்கு இரை கொண்டு வரும்போது மத்ததெல்லாம் கொன்னு கொண்டு வரும், இந்தக் குட்டிப் பாம்ப மட்டும் உயிரோட கொண்டு வந்து கூட்டுல போட்டுடும், அது நழுவி கூட்டுக் குப்பைக்குள்ள பூந்துக்கிட்டு, அங்க அழுகுன இரைல வளர்ற பூச்சிப் புழுக்கள சாப்பிட்டுக்கிட்டு அங்கயே இருந்துடும். பாம்பு இருந்த கூட்டுல குஞ்சுங்க வேகமா வளர்ந்துச்சு, சாவும் கம்மின்னு 1987ல எழுதியிருக்காங்க. அந்த அளவுக்கு இந்த வகைப் பாம்புகளோட வாய் பூச்சிப் புழுவுக்குன்னே செஞ்சது.

இப்ப உங்க பாட்டில் விஷயம். மண்புழு ஏன் தொடலன்னு கேட்டீங்க. நீங்க போட்ட மண்புழு பாம்போட அளவுக்கே இருந்திருக்கும், நான் மேல சொன்ன அந்தத் தாடை ஒரு புழுவ கொக்கி போட்டு உள்ள இழுக்கறதுக்குத்தான், தன் கனத்துக்கு இருக்கற வழுவழு மண்புழுவ அது என்ன பண்ணும். மண்ணுல இருக்கற பாம்புன்னா மண்புழு திங்கும்னு தோணறது இயல்புதான், அது வேற பாம்பு விஷயத்துல சரியும் கூட, மேற்குத் தொடர்ச்சி மலையில கேடயம் மாதிரி வால் இருக்கற மண்ணுப் பாம்புகள் இருக்கு, அதுங்களுக்கு மண்புழுதான் முக்கியச் சாப்பாடு. அந்தப் பாம்பு நம்ம கடலோரத்துல மாடித்தொட்டில இருக்காது. மஞ்சக்கரு, வேணவே வேணாம், எறும்பு, கரையான் வாசனை இல்லாத எதுவும் அதுக்குச் சாப்பாடுன்னே தெரியாது, பாட்டிலுக்குள்ள அழுகிப் பூஞ்சை புடிக்கும், அவ்வளவுதான். பால் விஷயத்துல உங்க மாமியார்கிட்ட கொஞ்சம் பக்குவமா சொல்லுங்க, நாகாத்தம்மனுக்குப் புத்துல பால் ஊத்தறது அவங்க நம்பிக்கை, அதுல நான் தலையிடல, ஆனா பாட்டில்ல பால் ஊத்துனா அந்தப் பாம்பு அதுல நனைஞ்சு மூச்சடைச்சு செத்துடும், மூக்குத் துவாரம் அவ்வளவு பொடிசு. எந்தப் பாம்பும் பால சாப்பாடா எடுத்துக்கறதில்ல, தாகத்துல தவிக்கற பாம்பு ஈரமா எது இருந்தாலும் குடிக்கும், அத வச்சு வந்த நம்பிக்கை அது.

உண்மையில பசியால அது சாகறதுக்கு முன்னாடி காய்ஞ்சு செத்துடும். நாலஞ்சு நாள் சாப்பிடாம இருக்கறது பாம்புக்குப் பெரிய விஷயம் இல்ல. ஆனா இவ்வளவு சின்ன உடம்பு, எந்நேரமும் ஈர மண்ணு நடுவுல இருந்தே பழகுனது, ஓட்டை போட்ட மூடியோட, நம்ம ஊரு வெயில்ல, வெறும் பாட்டில்ல இருந்தா தண்ணி இழந்துடும். அதனாலதான் இன்னைக்கே விடுங்கன்னு சொல்றேன். எறும்புக் கூட்டுப்புழு தேடிக் கொண்டு வந்து போடறேன்னு பையன் சொன்னாலும் வேணாம், நீங்க ஒரு புத்த கிளறி எடுத்துக் குடுக்கறது ஒரு வேளைக்கு வரும், மறுநாள் என்ன பண்ணுவீங்க, அதோட அந்த எறும்புங்க பாட்டிலுக்குள்ள வந்து, தப்பிச்சுப் போக வழி இல்லாத பாம்ப சூழ்ந்துக்கும். புத்துக்குள்ள அதுக்குப் பூந்து வெளிய வர வழி இருக்கு, பாட்டில்ல இல்ல.

நம்ம பக்கம் இதுக்குச் சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்ல. கடலூர் கேப்பர் மலைல இருந்து பண்ருட்டி வரைக்கும், இந்தப் பக்கம் ஆரோவில், காலாப்பட்டு வரைக்கும் செம்மண்ணு, முந்திரித் தோப்பு, பலா, கரையான் இல்லாத எடம் எங்க இருக்கு சொல்லுங்க. முந்திரித் தோப்புல விழுந்து மக்குற எலைய, காஞ்ச கெளைய பொரட்டிப் பாருங்க, மண்ணால மூடுன கரையான் பாதை ஓடும், அதுக்கடியில ஈரமா இருக்கற மண்ண மெல்ல விலக்குனா இந்தப் பாம்பு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, வெளிச்சம் பட்ட ஒடனே மண்ணுக்குள்ள போயிடும், நீங்க பாத்தது நெஜமான்னு சந்தேகம் வர்ற அளவுக்கு வேகமா. ஊருக்குள்ள பாத்தா எறும்புக்கு ரொம்பப் புடிச்ச எடம் பூந்தொட்டியோட அடிப்பக்கம், தண்ணி ஊத்தறதால ஈரம், வெயில்ல தொட்டி சூடாகறதால கதகதப்பு, புழு வளர்க்க ரெண்டும் வேணும்னு அதுங்க குட்டிகளத் தூக்கிட்டு அங்கதான் வரும், இந்தப் பாம்பும் பின்னாடியே வரும். உங்க தொட்டியில அது இருந்துச்சுன்னா அங்க எறும்புக் குடும்பம் ஒண்ணு இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு, மண்ண மாத்தும்போது வெள்ளக் குவியல் பாத்தீங்களான்னு யோசிச்சுப் பாருங்க.

மழைக்காலத்துல கதை மாறும். வடகிழக்குப் பருவமழை இறங்கி மண்ணு நிரம்புனா, எறும்பு குட்டிகளத் தூக்கிட்டு மேட்டுக்கு, செவத்துச் சந்துக்கு, வீட்டுக்குள்ள ஏறும், மண்ணுக்குள்ள மூச்சு விட முடியாம பாம்பும் மேல வரும். ஐப்பசி, கார்த்திகைல பாம்புக் குட்டி வந்துடுச்சுன்னு ஃபோட்டோ அனுப்பறவங்க அதிகம், அதுல நெறய இதுதான். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி கிட்ட கரையக் கடந்து ஊரே தண்ணில நின்னுச்சே, அப்ப தண்ணி வடிஞ்ச வீடுங்கள்ல ஓரத்து ஈரத்துல இதுங்க நெளிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, பாவம் எத்தனையோ பேர் பயத்துல வெளக்குமாத்தால அடிச்சுட்டாங்க. மழை விட்ட சாயங்காலம் ஈசல் பறக்குதுல்ல, அந்த ஈசல் வேற எதுவும் இல்ல, ரெக்கை மொளச்ச கரையான்தான், அந்த நேரத்துல கரையான் புத்து வாசல் தொறந்து பரபரப்பா இருக்கும், சாப்பிட வர்ற எல்லாத்துக்கும் நல்ல காலம் அது, தவளைல இருந்து காக்கா வரைக்கும்.

இது சாப்பிடறது மாதிரியே இதையும் சாப்பிட ஆளு இருக்கு. கோழி கொத்தும், மைனா கொத்தும், பூனை வெளையாடிக் கொன்னுடும், கட்டுவிரியன் குட்டிக்கு இது நல்ல இரை. தேரை கூட முழுங்கும், ஆனா திமோர் தீவுல ஒரு தேரை இத முழுங்கி, பாம்பு வயிறு, குடல் எல்லாம் தாண்டி பின்பக்கமா உயிரோட வெளிய வந்தத பாம்பு ஆராய்ச்சியாளர்கள் படத்தோட பதிவு பண்ணியிருக்காங்க. ஒல்லியும், வழுவழுப்பும், கம்மி காத்துல தாக்குப் புடிக்கறதும் எறும்புப் புத்துக்காக அமைஞ்ச விஷயம், தேரை வயித்துலயும் உதவியிருக்கு.

இன்னொரு விஷயம், இந்த இனத்துல ஆணே கிடையாது. இது வரைக்கும் பாத்தது எல்லாமே பெண்ணுதான், இணை சேராமலே முட்டை போடும், ஒரு சென்டிமீட்டர் சொச்சம் நீளத்துல நாலஞ்சு முட்டை, குட்டி அம்மாவோட நகல். தொட்டியில ஒண்ணு போனா போதும், அங்க எறும்பும் ஈரமும் இருந்தா அது ஒரு குடும்பமா ஆயிடும். உலகம் பூரா பரவுனதுக்கு இது ஒரு காரணம், எங்க போனாலும் எறும்பு இருக்கறது இன்னொரு காரணம்.

ஒரு எச்சரிக்கை, இத கண்டிப்பா படிங்க. சின்னதா இருக்கற எல்லாம் குருட்டுப் பாம்பு இல்ல. உடம்புல வெள்ளையாவோ மஞ்சளாவோ பட்டை இருந்தா அது கட்டுவிரியன் குட்டியாவும் இருக்கலாம், விஷமில்லாத ஓநாய்ப் பாம்புக் குட்டியாவும் இருக்கலாம், நீங்க அத ஆராய வேணாம், தொடாதீங்க. அதே மாதிரி ஒல்லியா, லேசான பழுப்பு நிறத்துல, தலை மட்டும் கறுத்து, வால்ல கறுப்பு வளையம் இருந்தா அது பவழப்பாம்பு, விஷம் உள்ளது, அதுவும் சின்னதுதான், அதோட சாப்பாட்டுல குருட்டுப் பாம்பும் உண்டுங்கறதால ரெண்டும் ஒரே மாதிரி மண்ணுல இருக்கும். பையன்கிட்ட இத அழுத்திச் சொல்லுங்க, இந்தத் தடவ புடிச்சது சாதுவானது, அதுக்காக நெளியறது எல்லாத்தையும் கையில எடுக்கக் கூடாது. எது கடிச்சதுன்னு தெரியாம கடி பட்டா கயிறு கட்டறது, கீறி விடறது, மந்திரிக்கறது எதுவும் வேணாம், நேரா புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியோ, கடலூர்னா அரசு ஆஸ்பத்திரியோ போயிடணும்.

காதுக்குள்ள பூந்துடும்னு பெரியவங்க சொல்லுவாங்க, தூங்கற பிள்ள காதுல போகும்னு நிறைய வீட்ல பயம் இருக்கு. அதுக்கு வேண்டியது எறும்பு வாசனையும் ஈர மண்ணும், மனுஷக் காதுல ரெண்டும் இல்ல. மனுஷனக் கடிக்க அந்த வாயால முடியாது, கீழ்த்தாடைல பல்லே இல்லன்னு சொன்னேன்ல.

விடற முறை ரொம்ப சுலபம். வெயில் தாழ்ந்தப்புறம், பாட்டில தோட்டத்து மண்ணு மேல சாய்ச்சுப் படுக்க வைங்க, ஏற்கனவே தண்ணி தெளிச்சு ஈரமா இருக்கற எடமா, எலைக் குப்பை, காஞ்ச மட்டை ஏதாவது கிடக்கற எடமா இருந்தா நல்லது. தானா வெளிய வந்து நிமிஷத்துல உள்ள போயிடும். சிமென்ட் தரையில, வெயில்ல விடாதீங்க. கீழ மண்ணுத் தோட்டம் இருந்தா அங்க விடறதுதான் நல்லது, இல்லன்னா அதே செம்பருத்தித் தொட்டியிலயே விடலாம், செடிக்கு ஒரு கெடுதலும் இல்ல, வேர திங்காது, மண்ணக் கொஞ்சம் தளர்த்தித்தான் விடும். ஆனா அந்தத் தொட்டிக்கு எறும்புப் பொடி, கரையான் மருந்து போடறவங்களா இருந்தா அங்க விடாதீங்க, அதோட சாப்பாடும் செத்துடும், மருந்து பட்டு அதுவும் செத்துடலாம்.

கடைசியா, வீட்டுக் கரையான் இதால போகுமான்னு கேட்டீங்க. போகாது. ஒரு புத்துல கரையான் லட்சக்கணக்குல இருக்கும், ராணி ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல முட்டை போடும், இந்தப் பாம்பு வயிறு நெறய சாப்பிட்டாலும் அதுக்கு அது கணக்கே இல்ல. தோட்டத்துல பல்லி, தவளை, எறும்பு, மைனா, இது எல்லாம் சேர்ந்து கரையான ஒரு அளவுல வச்சிருக்கும், ஆனா நெலவுக்கட்டைல ஏறுன கரையானுக்கு நீங்க தனியா வழி பாக்கணும். முதல்ல அந்த எடத்துல ஈரம் எங்க இருந்து கசியுதுன்னு பாருங்க, குழாய், ஏசி தண்ணி, மாடில தொட்டிக்கு ஊத்தற தண்ணி செவத்துல இறங்குதா, அத நிறுத்துங்க, மண்ணுப் பாதைய சொரண்டி எடுத்துட்டு ரெண்டு நாள் கழிச்சுத் திரும்பக் கட்டுதான்னு பாருங்க. கட்டுச்சுன்னா ஃபோட்டோ போடுங்க, மரம் என்ன மரம்னும் சொல்லுங்க, பாத்துட்டுச் சொல்றேன்.